ஹண்டரின் மூக்கு

மேவிஸ் கட்ஃபோர்த் என் சித்தப்பா டெஸ்மண்டின் மனைவி. லிங்கன் நகரத்துப் பெரிய துணிக்கடை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். வாடிக்கையாளரைப் போல உடுத்திக்கொண்டு, கையில் ஒரு பையோடு தளம் தளமாக உலவி, திருடுகிறவர்களைப் பிடிப்பதே அந்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கைகளையே பார்ப்பார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவர் வந்தால் என் தந்தை, "மேவிஸ் போற வரைக்கும் எல்லாரும் கையை மேசை மேலயே வெச்சுக்கோங்கப்பா" என்பார். மேவிஸ் சிரிக்கமாட்டார், மேசையையும் ஒரு முறை பார்த்துக்கொள்வார்.

இங்கே எழுதுவதை லென், சிரில் என்ற இருவரிடமும் தனித்தனியே கேட்டு, மேவிஸ் சொன்னதோடு ஒப்பிட்ட பிறகே எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

டெஸ்மண்ட் ஒரு போர் விமானம் வைத்திருந்தார். ஐம்பதுகளில் செய்த ஹண்டர், ஒற்றை இருக்கை. விமானப் படை ஏலத்தில் வாங்கி, இறக்கைகளைத் தனியாகக் கழற்றி லாரியில் ஏற்றி, எங்கள் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பழைய ஓடுதளத்தின் ஓரத்துத் தகரக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார். அவரோடு சேர்ந்து ஞாயிறுதோறும் அதைத் துடைத்து, சுரண்டி, வண்ணம் பூசியவர்கள் மூவர். லென் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். சிரில் விமானப் படையில் சமையற்காரராக இருந்தவர். விமானத்தைத் தொட்டதே இங்கே வந்துதான். நெவில் ஓய்வு பெற்ற பல் மருத்துவர்; விமானி அறையின் முள் ஓடும் அளவுமானிகளைத் தம் பழைய ஆயுதங்களால் சுத்தம் செய்தவர் அவரே. கோடையில் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் வரும். ஏணி வைத்து, ஒவ்வொருவராக ஏறி இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கீழே தேநீரும் பழ கேக்கும் மேவிஸின் பொறுப்பு.

இரண்டாயிரத்து மூன்றின் தொடக்கத்தில் டெஸ்மண்ட் காலமானார். விமானம் மேவிஸின் பெயருக்கு வந்தது.

பழைய ஜெட் விமானங்களோடு பழகுகிறவர்களுக்கு அடுத்து நடப்பது என்னவென்று தெரியும். வாங்கியவர் இறப்பார், வீட்டாருக்கு அது சுமை. வியாபாரி ஒருவர் வருவார். விமானி அறையோடு மூக்குப் பகுதியை மட்டும் அறுத்து எடுப்பார். அதைத் தம் வீட்டு கார் கொட்டகையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். மிச்ச உடலும் இறக்கைகளும் உருக்கப் போகும். ஆகவே அடக்கம் முடிந்த மறு ஞாயிறு முதல் அந்த மூவரும் மேவிஸைக் கவனிக்கத் தொடங்கினார்கள். மேவிஸோ அவர்களை முன்பிருந்தே கவனித்துக்கொண்டிருந்தவர்.

ஏப்ரலில் ஒரு வார நாளில் ஓர் ஆள் வேன் ஒன்றில் வந்தார். மூக்கிலிருந்து வால் வரை நாடா பிடித்து அளந்தார்; மேவிஸோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். பக்கத்து வயலோரம் நாயோடு நடந்துகொண்டிருந்த சிரில் அதைப் பார்த்தார். வந்தவர் யாரென்று அவரும் கேட்கவில்லை, மேவிஸும் சொல்லவில்லை. அவர் எதையும் யாரிடமும் காரணமின்றிச் சொல்கிறவர் அல்லர்.

அடுத்த ஞாயிறு விமானி அறையில் கடிகாரம் இல்லை.

"கடிகாரம் எங்க?" என்றார் மேவிஸ், ஏணியின் மேலிருந்தபடியே.

"எந்தக் கடிகாரம்?" என்றார் லென்.

"உள்ள ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

"பறக்காத விமானத்துக்கு மணி எதுக்கு, மேவிஸ்?"

"உங்க கையில இருக்கிறதுகூடத்தான் ஓடலை. கழட்டிக் கொடுங்க பார்ப்போம்."

சிரில் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே, "கடிகாரம்னா காணாமப் போறது சகஜம்தான். எந்தப் பழைய விமானத்துலயும் முதல்ல போறது அதுதானே" என்றார்.

"சகஜம்னு எப்படி உங்களுக்குத் தெரியும்?"

கடிகாரத்தை எடுத்தது சிரில் என்று லென் சொல்கிறார். லென் என்று சிரில் சொல்கிறார். இன்று வரை அது தீரவில்லை.

பிறகு திசைகாட்டி போயிற்று. குண்டு குறிபார்க்கும் கண்ணாடி போயிற்று. மே மாதத்தில் ஒரு நாள், விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடியே இல்லை. தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. மேவிஸ் பூட்டை ஆராய்ந்தார். உடைத்த தடயம் இல்லை. சாவி, தம்மைத் தவிர, அந்த மூவரிடமும் இருந்தது, டெஸ்மண்ட் கொடுத்தது. ஞாயிறு மாலைகளில் வாசலில் நின்று, ஒவ்வொருவர் பையும் வந்தபோது இருந்ததைவிடக் கனமாகத் தோளை இழுக்கிறதா என்று பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை, அவர்கள் கருவிகளை எடுக்க வந்தது அவர் ஊரில் இல்லாத வியாழக்கிழமைகளில்.

"கோழியை உரிக்கிற மாதிரி உரிக்கிறானுங்க" என்று என் தந்தையிடம் தொலைபேசியில் சொன்னார். "எலும்பு மிஞ்சறதுக்குள்ள நானே வித்துடறேன்."

ப்ரூயெட் என்ற வியாபாரி, டெஸ்மண்ட் இருந்தபோதே வந்து பார்த்து ஆசைப்பட்டவர். ஒரு செவ்வாய்க்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: விமானி அறை கருவிகளோடு முழுமையாக இருக்க வேண்டும், சனிக்கிழமை வந்து மூக்கை அறுத்துக்கொள்வார். போன கருவிகளை அதற்குள் மீட்டுவிடுவதாக மேவிஸ் உறுதியாக நம்பினார். இருபது ஆண்டுத் தொழில் அனுபவம். மூன்றே மூன்று சந்தேக நபர்கள்.

வெள்ளியன்று லென் வீட்டுக்குப் போனார். லென் சளிக் காய்ச்சலில், மேலங்கியோடு வந்து கதவைத் திறந்தார்.

"கொட்டகைச் சாவியைக் கொடுங்க. வாங்கிட்டுப் போயிடறேன்" என்றபடி மேவிஸ் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார்.

"உட்காருங்க, டீ போடறேன். ரொட்டிப் பெட்டியை மட்டும் திறக்காதீங்க."

"ஏன்?"

"ரொட்டி... பழசு."

இப்படி ஒரு வார்த்தையை வேறு எவரிடமாவது சொல்லியிருந்தால் லென் தப்பியிருப்பார். பெட்டிக்குள் குழந்தையைச் சுற்றும் மெல்லிய போர்வை ஒன்று; அதற்குள், எண்ணெய் பூசிப் பளபளக்கத் துடைத்த கைப்பிடி.

"திருட்டுப் பயலே!"

"நானா? நானா திருடன்?" லென்னுக்கு இருமல் வந்துவிட்டது. "நீங்கதான் அதைக் கசாப்புக்கடைக்கு அனுப்பப் போறீங்க! உள்ளே எதுவும் இல்லைன்னா எவனும் மூக்கை வாங்கமாட்டான். அதான் ஆளுக்கு ஒண்ணா எடுத்துப் பத்திரமா வெச்சோம். அளக்க ஆள் வந்தானே, சிரில் கண்ணால பார்த்தானே!"

"அவன் தார்ப்பாய் தைக்கிறவன்யா! கூரை ஒழுகுது. விமானத்து மேல போர்த்த உறை தைக்கச் சொன்னேன்!"

லென் நாற்காலியில் உட்கார்ந்தார். "உறையா?"

"பச்சை நிறத்துல."

"அப்போ நீங்க விக்கறதா இல்லையா?"

"அப்போ விக்கறதா இல்லை." மேவிஸும் உட்கார்ந்துவிட்டார். "செவ்வாய்க்கிழமை வித்துட்டேன்."

பிறகு லென் தேநீர் போட்டார். கையெழுத்துப் போட்டதைப் போடவில்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை. மேவிஸுக்கு நிச்சயம் இல்லை. மீறினால் ப்ரூயெட் வழக்குப் போடுவார். மேவிஸ் யோசித்துவிட்டு அந்தக் கைப்பிடியைப் போர்வையில் சுற்றினார்; பெட்டிக்குள் வைத்தார்; மூடினார்.

"நான் இன்னைக்கு இங்க வரவே இல்லை" என்றார்.

சனிக்கிழமை ப்ரூயெட் லாரியோடும், இரண்டு ஆட்களோடும், அறுக்கும் இயந்திரத்தோடும் வந்தார். மூவரும் கோப்பைகளோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ப்ரூயெட் ஏணியில் ஏறினார். வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"என்ன இது? எலி தின்னுடுச்சா?"

"திருடு போயிடுச்சு" என்றார் மேவிஸ்.

"யாரு?"

"தெரியலை."

"திருடனைப் பிடிக்கிறதே உங்க வேலைன்னு டெஸ்மண்ட் பெருமையா சொல்லுவாரே?"

"ரிட்டயர் ஆயிட்டேன்."

ப்ரூயெட் சுவரோரம் திரும்பினார். மூன்று கோப்பைகளும் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின. "போலீஸ்ல சொல்லலையா?"

"சொல்லத்தான் போறேன். நீங்களும் சாட்சிக்கு வந்தீங்கன்னா நல்லது. இந்த மாதிரி சாமான் வாங்கி விக்கறவங்க கிடங்கை எல்லாம் திறந்து பார்ப்பாங்களாம்."

ப்ரூயெட் ஏணியிலிருந்து இறங்கினார். முழு விமானத்தையும் அலுமினிய எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். ஒப்பந்தத்தில் அது இல்லை என்றார் மேவிஸ். ப்ரூயெட்டே ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு லாரியில் ஏறினார்.

மறுநாள் மூவரும் தங்கள் தங்கள் பைகளோடு வந்தார்கள். மேவிஸ் மேசையில் ஒரு துணியை விரித்தார். லென் கைப்பிடியை வைத்தார். சிரில் குறிபார்க்கும் கண்ணாடியையும் திசைகாட்டியையும் வைத்தார். கடிகாரத்தை யார் வைத்தார்கள் என்பதை எவரும் பார்க்கவில்லை என்கிறார்கள். மேசையில் அது இருந்தது. கடைசியாக நெவில், மருத்துவருக்கு உரிய கண்ணியத்தோடு, பஞ்சில் பொதிந்த ஒரு பொருளை வைத்தார். அதுவும் திசைகாட்டி.

லென் எண்ணிப் பார்த்தார். "டேய், ஒரு விமானத்துக்கு எத்தனை திசைடா?"

"நான் எடுக்கப் போனப்போ அந்த இடம் ஓட்டையா இருந்துச்சு" என்றார் நெவில். முகம் காதுவரை சிவந்திருந்தது. "நிஜத் திருடன் வந்துட்டான்னு நினைச்சேன். பார்க்கவே சகிக்கலை. அதான்... யார்க்ஷயர்ல காட்சிக்கு ஒரு ஹண்டர் நிக்குதில்ல. போன மாசம் அங்க போயிருந்தேன்."

"அந்த விமானத்துல இருந்து எடுத்தீங்களா?"

"ரெண்டே திருகுதான், மேவிஸ்."

சிரில் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். மேவிஸ் அந்தத் திசைகாட்டியை மறுபடி பஞ்சில் பொதிந்து நெவிலின் கையில் கொடுத்தார். கார் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க."

"இன்னைக்கேவா? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல ஆட்டுக்கறி வறுத்து..."

"அங்கேயும் எவளாவது ஒருத்தி யார் பையையோ முறைச்சுக்கிட்டு நிப்பா. ஏறுங்க."

கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. விமானி அறையும் திறந்திருந்தது. கருவிகள் எல்லாம் மேசையில். லென் வாசல் வரை வந்து, "எங்களை நம்பி இதை விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டாராம்.

"நம்பலை" என்றார் மேவிஸ், காரைக் கிளப்பிக்கொண்டே. "நான் திரும்பி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மாட்டி வைங்க."

மாட்டி வைத்திருந்தார்கள். அந்த ஹண்டர் இன்றும் முழுதாக, மூக்கோடும் வாலோடும், அந்தப் பச்சை உறைக்குள் நிற்கிறது. கோடை ஞாயிறுகளில் உறையை விலக்குகிறார்கள்.