உள்பக்கம் பார்க்காத டயர்

மனைவி இறந்த பிறகு எனக்குத் துணை என் பழைய பிக்கப் வண்டிதான். கொல்லிமலையிலிருந்து பலாப்பழம் இறக்குவேன். அதன் சக்கரத்துக்குப் புது டயர் கட்டுப்படியாகாது. சேலத்தில் மலிவாகக் கிடைத்த பழைய டயர்களை, மேலே தரையில் படும் பட்டன் தேயாததை மட்டும் பார்த்து வாங்கி முன்னால் மாட்டினேன். பூசைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு சரி.

மலையிலிருந்து இறங்கும்போது கொண்டையூசி வளைவில் ஒரு டயர் வெடித்தது. வண்டி பாறையில் முட்டி நின்றது, இல்லாவிட்டால் பள்ளம்தான். கழற்றிப் பார்த்தால் டயரின் உள்பக்கமெல்லாம் விரிசல்.

மிளகு மூட்டையோடு வந்த விவசாயி ஒருவர் ஓடிவந்தார். "அடி ஒண்ணும் இல்லீங்களே? ஊட்ல ஆருகிட்டங்க சொல்லோணும்?"

"சொல்றதுக்கு ஆருமில்லீங்க" என்றேன்.

இப்போது உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் டயர் வாங்குவதில்லை. மலையேறும் முன் அடிவாரத்துக் காரவள்ளி டீக்கடைக்காரரிடம், "மேல போறேனுங்க, பொழுது சாய வந்துருவேன்" என்கிறேன். திரும்பியதும், டீ குடிக்காவிட்டாலும், அவரிடம் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போகிறேன்.