ஹவில்தாருக்கு விட்ட இருக்கை

சீனச் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கல்யாணமாகிக் கப்பலேறி நான் வந்த தீவில், ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டுக்கும் ஹவில்தார் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். என் கணவர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. ஹவில்தார் பட்டாளத்திலிருந்து விலகி வந்து, கப்பல் சாமான் வைக்கும் கிடங்கில் காவல் வேலை பார்த்தார். பேர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. டீக்கடையில் அவருக்குக் காசு வாங்கமாட்டார்கள். ரேஷன் கடையில் வரிசை தானாக விலகி வழி விடும்.

எனக்கும் அவர்மேல் மதிப்பு இருந்தது. சண்டை நடந்த சமயத்தில், கல்யாணத்துக்கு முன்னால், ஊரில் யுத்த நிதிக்கு என் கை வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் நான். அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. பனியில் கருகிப்போய் வெட்டி எடுத்தார்களாம். அதை அவராகச் சொல்லிப் பெருமைப்பட்டதே கிடையாது. அவர் மனைவிதான் ஒருநாள் குழாயடியில் சொன்னாள். அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. என்னை அக்கா என்பாள்.

சாயங்காலங்களில் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். முதலில் பாத்திரம் விழும், பிறகு அவள் குரல்.

"சண்டையப் பாத்துட்டு வந்த மனுஷன். மனசுல என்னென்ன கெடக்கோ. நாம தலையிடப்படாது" என்பார் என் கணவர்.

"அடி வாங்குறது அவ இல்லையா?"

"நீ சும்மா இரு. ஹவில்தார் வீட்டு விஷயம்."

வேறொரு வீடாக இருந்தால் இவரே எழுந்து போய்க் கதவைத் தட்டியிருப்பார். தெருவில் குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒரு கூலிக்காரரை இவரும் இன்னும் நாலு பேரும் பிடித்து இழுத்து வந்து விசாரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலை நேரம், ஆபீசுக்குப் போகிறவர்கள் போன பிறகு, அவள் எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே கை ஒரு மாதிரி வளைந்து வீங்கியிருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா. தனியாப் போகப் பயமா இருக்கு."

அடுப்பை அணைத்துவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம் டீக்கடைக்கு எதிரே. கடை பெஞ்சில் ஹவில்தார் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அவர் ரோட்டைத் தாண்டுவதற்குள் பஸ் வந்துவிட்டது. நாங்கள் ஏறினோம். பின்னாலேயே அவரும் ஏறினார்.

உட்கார இடமில்லை. கண்டக்டர் அவரைப் பார்த்துவிட்டு, "பைட்டியே, ஹவில்தார் சாப்!" என்று உட்காரச் சொல்லி, முன்வரிசையில் ஒருவரை எழுப்பினார். எழுந்தவர் முகம் சுளிக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இடம் கொடுத்தார். இவளோ கம்பியைப் பிடிக்க ஒரு கை இல்லாமல் என்மேல் சாய்ந்து நின்றாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏற, அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் என் காதில் கேட்டது.

அவர் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அடுத்த ஸ்டாப்புல எறங்கு. வீட்டுக்குப் போவோம்."

அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அந்த மனிதரோடு நான் அதுவரை முகம் பார்த்துப் பேசியதே இல்லை.

"அவ எறங்கமாட்டா. கை ஒடிஞ்சிருக்கு" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரிந்த ஒரு பெரியவர், "ஏம்மா, யாருகிட்டப் பேசுறோம்னு பாத்துப் பேசு. தேசத்துக்காக நின்னவரு" என்றார்.

"நிக்கமுடியாம நிக்கிறது இவதான் ஐயா. இவளுக்கு ஒரு எடம் விடச் சொல்லுங்க."

பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. ஹவில்தார் எழுந்து நின்று அவளையே பார்த்தார். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். கடைசியில் டிரைவர் பொறுமையிழந்து வண்டியை எடுத்தார். ஹவில்தார் மறுபடி உட்கார்ந்தார்.

அபர்டீன் பஜாரில் இறங்கி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போதும் பின்னால் அவருடைய நடை கேட்டுக்கொண்டே வந்தது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து.

டாக்டர் வங்காளி, வயதில் சின்னவர். "கைசே ஹுவா?" என்று அவளைக் கேட்டார். எப்படி நடந்தது என்ற அந்தக் கேள்விக்கு அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பதில் வந்தது: "ஃபிசல் கயி, சாப்." வழுக்கி விழுந்துவிட்டாளாம்.

அவர் நின்ற விறைப்பைப் பார்த்ததுமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஃபௌஜியா, பட்டாளத்துக்காரரா, எந்த எல்லையில் இருந்தீர்கள் என்று மரியாதையாக விசாரிக்க ஆரம்பித்தார். இவரும் பதில் சொன்னார். பனியைப் பற்றிப் பேச்சு போயிற்று. அவள் கை மேஜைமேல் அப்படியே கிடந்தது. நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அவளே, தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னாள்:

"நஹி கிரா. இஸ்னே மாரா."

விழவில்லை, இவர்தான் அடித்தார். டாக்டர் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கழுத்தோரம் இருந்த பழைய தழும்பையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஹவில்தார் சாப், ஆப் பாஹர் ஜாயியே." வெளியே போகச் சொல்லும்போதும் அந்த சாப் போகவில்லை. ஆனாலும் அவர் போனார்.

கட்டுப் போட்டு அவளை என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். அன்று சாயங்காலம் டீக்கடைக்காரரும் தெருவில் இன்னும் இரண்டு பேரும் என் கணவரைப் பார்க்க வந்தார்கள். ஒரு ஃபௌஜியின் பேரைக் கெடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹவில்தார் வந்து படலுக்கு வெளியே நின்றார். உள்ளே அவள் அடுப்பு மூலையில் ஒடுங்கினாள். என் கணவர் என்ன செய்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போனவர், உள்ளே வந்து அவளை ஒருதரம் பார்த்தார். கட்டுப் போட்ட கையை அன்றுதான் பக்கத்தில் பார்க்கிறார். திரும்பிப் படலுக்குப் போனார்.

"ஐயா, நீங்க செஞ்ச சேவைக்கு நான் என்னைக்கும் கும்பிடுறேன். ஆனா இந்தப் படலைத் தொறக்கமாட்டேன்."

"என் பொஞ்சாதிய நான் கூப்பிடுறேன்."

"அவங்களா வந்தா வரட்டும்."

அவள் போகவில்லை. இருட்டும்வரை நின்றுவிட்டுத்தான் அவர் போனார். டீக்கடைக்காரர் அதன்பிறகு எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கை கூடியதும் ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலை கிடைத்து, அவள் அங்கேயே ஒரு அறையில் தங்கினாள். சில வருஷம் கழித்து, முன்னாள் பட்டாளத்தாருக்குத் தெற்கே காம்ப்பெல் பேயில் நிலம் கொடுத்தார்கள். கப்பலேறுமுன் அவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து அவளையும் கூப்பிட்டிருக்கிறார். கெஞ்சினார் என்றுகூடச் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"கால்ல குளிர் படாம பாத்துக்கங்கன்னு சொன்னேன்க்கா. பாவம், அந்த வலி நெசம். ஆனா வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வார்டுக்குள் போய்விட்டாள்.