கட்டிலோரப் பேனல்

அலுவலகத்தில் அவளைத் திருப்புளி அக்கா என்பார்கள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, திருப்புளி இருக்கும். அங்கே பதினாறு மீட்டிங் அறைகள், ஒவ்வொரு கதவோரமும் ஒரு டச் பேனல்; யார் எப்போது உள்ளே உட்கார்ந்து வாயடிக்கிறார்கள் என்று காட்டும். அவற்றைப் பராமரிப்பதுதான் பத்து வருடமாக அவள் வேலை. புது மாடல் வந்ததும் பழையதையெல்லாம் கழிவில் தள்ளினார்கள். நன்றாக ஓடும் பொருளைத் தூக்கியெறிபவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலாளரிடம் கையெழுத்து வாங்கி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் கணவன் படுத்த படுக்கை. இரண்டு வருடத்துக்கு முன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் கால்கள் செயலிழந்தன. விரல்களால் எதையும் பிடிக்க முடியாது, தொட மட்டும் முடியும். போன் கொடுத்தால் நழுவிவிடும். அவள் வேலைக்குப் போனால் ஃபேன் போடக்கூட ஆளில்லை என்று சொல்லி, அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகத் துடித்தார் அவனுடைய அண்ணன். பாசம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தம்பியைப் பொட்டலம் கட்டித் தூக்கிப்போகிற பாசம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் அவள் பேனலோடு மல்லுக்கட்டினாள். அலுவலகத் திரையை அழித்து ஃபேன், விளக்கு, வாசல் கதவு என்று உள்ளங்கை அகலத்தில் மூன்று பொத்தான்கள் வைத்தாள். சுவிட்சுகளுக்குப் பின்னால், பேனல் சொல்கிறபடி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே பொருத்தினாள். பேனலை ஓர் இரும்புக் கையில் முடுக்கிக் கட்டிலோரம் நிறுத்தினாள். கணவன் விரல் முட்டியால் தொட்டான், ஃபேன் சுற்றியது. போட்டுப் போட்டு அணைத்தான்.

ஞாயிறு காலை அண்ணன் வந்தார். "ஆபீஸ்காரன் தூக்கிப்போட்ட குப்பைய நம்பியாம்மா இவன விட்டுட்டுப் போற?"

"நீங்களே பாருங்க மாமா."

கணவன் கையைக் கொண்டுபோனான். தொடுவதற்குள் திரை கறுத்துப்போனது.

அவள் கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மணி பதினொன்று. ஞாயிறு பதினொன்றுக்கு அலுவலகத்தில் ஈ காக்காய் இருக்காது. வாரம் ஒருமுறை அந்த நேரம் தானாக அணைந்து மறுபடி தொடங்கும்படி பதினாறு பேனலுக்கும் அமைத்தவள் அவளேதான். திரையை அழித்தவள் அதை அழிக்க மறந்திருந்தாள். வார நாட்களில் மட்டுமே ஓட்டிப் பார்த்ததால் தெரியவில்லை.

"நாலு நிமிஷம் மாமா, அதுவே வந்துடும்."

"நாலு நிமிஷமா? இவனுக்கு வேர்த்து ஊத்துது பாரு!" அண்ணன் சுவிட்சைப் போட எழுந்தார்.

"தொடாதேண்ணே!"

கணவன் இவ்வளவு சத்தமாகப் பேசி இரண்டு வருடமாகிறது. "வேர்த்தா வேர்க்கட்டும். என் வீட்ல நான் வேர்த்துக்கிறேன். அங்க வந்தா ஒவ்வொண்ணுக்கும் யாரையாவது கூப்பிடணும். எனக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போச்சு."

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். அவளும் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. மூவரும் வேர்க்க விறுவிறுக்க அந்தக் கறுப்புத் திரையையே பார்த்தார்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, கர்வமும் வந்தது.

திரை ஒளிர்ந்தது. கணவன் விரல் முட்டியால் தொட்டான். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

"உக்காருண்ணே," என்றான். "கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போ. வண்டி காலியாத்தான் போகும்."