எங்கள் வீட்டு வேகம்

ஊருக்குப் போய்த் திரும்பிய ஆன்ட்டி ஒருவர், நியூஜெர்சி எடிசனில் தன் வீட்டு வாசலில் வைத்து, துண்டில் சுற்றிய ஒரு சதுரத்தை என்னிடம் கொடுத்தார். "ஈரோட்டுல உங்க அக்கா குடுத்தாங்கம்மா. ஹேண்ட் லக்கேஜ்லயே வெச்சுக் கொண்டாந்தேன். ஒடஞ்சிருந்தா என்னைச் சொல்லாத."

உள்ளே அப்பாவின் எல்பி ரெக்கார்டு ஒன்று இருந்தது. இரண்டு வாரம்கூட ஓடாத ஏதோ ஒரு படத்தின் பாட்டுகள். துண்டை இரண்டு முறை உதறிப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அப்பா தவறியபோது என் கிரீன் கார்டு பாதி வழியில் இருந்தது. பயண அனுமதி வரவில்லை, இப்போது கிளம்பினால் எல்லாம் முதலிலிருந்துதான் என்றார் வக்கீல். நான் போகவில்லை. "பேப்பருதான் பெருசுன்னா அதையே கட்டிட்டு அழு" என்று அக்கா போனை வைத்தாள். அதன் பிறகு இரண்டு வருஷம் பேச்சில்லை. கார்டு வந்து ஏழு மாதமாக மேஜை டிராயரில் கிடக்கிறது. ஊருக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

அக்கா அனுப்பியது சமாதானமா, இல்லை, "இந்தா, உன் பங்கு, ஆளை விடு" என்பதா? யாரைக் கேட்பது? இங்கே மான்மவுத் ஜங்ஷனில் மூன்று பெட்ரூம் வீட்டில் நான் ஒருத்திதான். கணவர் பிரிந்து போய்ப் பல காலம் ஆயிற்று. மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் கிடைப்பாள். சில நாள் மைக்ரோவேவ் போடும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இருக்காது. ரெக்கார்டைக் கேட்டாவது பார்ப்போம் என்று பழைய டர்ன்டேபிள் தேடக் கிளம்பினேன்.

முதலில் பார்த்ததில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. இரண்டாவது, ஈக்கூட்டம் மாதிரி ரீங்காரம் போட்டது. மூன்றாவது, ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவின் பேஸ்மென்ட்டில் தூசி மூடிக் கிடந்தது. தட்டைக் கையால் சுற்றிவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். சத்தமில்லாமல் சுற்றி, தானாக மெதுவாக நின்றது. தட்டு நேராக இருந்தால் மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அதை நம்பி வாங்கிவிட்டேன்.

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். தட்டைத் தூக்கினால், மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் உருகிக் கருப்பு அல்வாவாகியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பட்ஸால் ஒரு சாயங்காலம் முழுக்கச் சுரண்டினேன். நடு அச்சுக்கு இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். புது பெல்ட், புது ஊசி போட்டேன். ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடையைச் சரிசெய்வதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் ஆயிற்று. பொய் சொல்லவில்லை, பல வருஷத்தில் நான் தனியாக இருந்தும் தனியாகத் தெரியாத மூன்று வாரம் அதுதான்.

பிறகு பாட்டைப் போட்டேன். இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு, அப்பா தினமும் போடுவது. பாடகியின் குரல் கீச்சென்று, பஸ்ஸைத் தவறவிடுகிறவர் மாதிரி ஓடியது. என் நினைவிலிருந்த குரல் கனமானது, நிதானமானது. மறுபடி பிரித்தேன். பெல்ட்டைக் கழற்றி மாட்டினேன். மூன்று முறை. வேகம் அளக்கும் ஆப்பைப் போட்டுப் போனைத் தட்டின் மேல் வைத்து அளந்தால், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்று, இருக்க வேண்டிய வேகம் அதுதான். அப்படியும் விடாமல், விற்ற தாத்தாவுக்குக் காரமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். "வேகம் சரியாகத்தான் இருக்கும், பாருங்கள்" என்று பணிவாகப் பதில் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்தப் பாட்டைத் தெரிந்தவள் உலகத்தில் இன்னும் ஒருத்திதான். பாட்டை ஒரு நிமிஷம் பதிவு செய்து வாட்ஸாப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, அவள் சேர்க்காதபோது நான் ஏன் சேர்க்க வேண்டும்? டிக் நீலமானது. மூன்று நாள் ஒன்றுமில்லை. ஆபீஸ் மீட்டிங் நடுவிலெல்லாம் மேஜைக்கடியில் போனைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, அஞ்சு செகண்ட்.

"வேகமா ஓடுதாட்ட இருக்குது. நம்மூட்டுல இப்படிப் பாடாது."

அதையே எத்தனை முறை கேட்டேனோ. அப்புறம் கடைசி முறையாக மெஷினைப் புரட்டினேன். பின்னால் ஒரு தகடு: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதைப் பார்த்ததும் அப்பாவின் மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய அவருடைய சிநேகிதர் கொடுத்தது. கரெண்ட் அதிகம் பாயாமலிருக்கச் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தோம். அது வோல்ட்டைத்தான் குறைக்கும். இங்கே கரெண்ட் செகண்டுக்கு அறுபது முறை துடிக்கும், ஊரில் ஐம்பதுதான். அந்தத் துடிப்பின் கணக்கில் சுற்றுகிற மோட்டார் ஊரில் மெதுவாகத்தான் ஓடியிருக்கும். எங்கள் வீட்டில் எல்லாப் பாட்டும் இருபது வருஷம் மெதுவாகத்தான் பாடின. வேறு பாட்டுகளை ரேடியோவில் கேட்டு நாங்கள் சந்தேகப்பட்டபோது, "நியூஸுக்கு நேரமாச்சுன்னு விரட்டறானுங்க" என்றார் அப்பா. நாங்களும் நம்பினோம்.

சனிக்கிழமை காலை, அங்கே சாயங்காலம், நானே கூப்பிட்டேன். எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் ஹெர்ட்ஸ் கணக்கை ஒப்பித்தேன். வாயில் வேறெதுவும் வரவில்லை.

அக்கா முழுசாகக் கேட்டாள். "அப்ப அப்பா கேட்டதெல்லாம் தப்பா?"

"தப்பில்லக்கா. ஸ்லோ."

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நம்மூட்டுப் பாட்டப் போடு."

போனை ஸ்பீக்கரில் போட்டு அருகில் வைத்தேன். ஊசியை இறக்கினேன். கீச்சென்று ஆரம்பித்தது. சுற்றும் தட்டின் விளிம்பில் ஆள்காட்டி விரலை லேசாக அழுத்தினேன். குரல் தள்ளாடியது, இறங்கியது, பிறகு கனத்து நின்றது. எங்கள் ஹாலில் கேட்ட குரல். அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட குரல். மூன்று வாரம் பாடுபட்டுச் சரிசெய்த மெஷினை ஒரு விரலால் கெடுத்துக்கொண்டு அழுதேன்.

"நான் வந்திருக்கணும்க்கா."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு விரல் சுட்டது. வேறு விரலை வைக்கலாமென்று ஒரு நொடி எடுத்தேன். குரல் உடனே துள்ளி மேலே போயிற்று.

"எடுக்காதடி" என்றாள் அக்கா.

விரலை வைத்தேன்.