அக்கா கரைத்துக் கொடுத்த மாத்திரை

என் வீட்டுக்காரர் செத்த வீட்டில் என் அழுகைதான் பெரிய தொல்லையாக இருந்தது. பகலில் அழுதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குத்தானே எல்லாரும் வந்திருந்தார்கள். நான் ராத்திரியிலும் அழுதேன். பதினாறு கழியும்வரை தங்கியிருந்த சொந்தக்காரர்களுக்குத் தூக்கம் கெட்டது. என் அக்காதான் என்னைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றார். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். நானும் தூங்கினேன்.

அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது. சீட்டு எங்கே என்று கேட்க எங்கள் தெரு மெடிக்கல்காரர் என்ன அந்நியரா? என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். என் தலையைக் கண்டதுமே அட்டையை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிடுவார். ஒன்று இரண்டாயிற்று. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுவதும் எனக்குத் தெரியாது, நிற்பதும் தெரியாது. வீட்டுக்காரர் பார்த்த தாலுகா ஆபீஸ் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். காலையில் போய் உட்கார்ந்து முத்திரை குத்துவேன். யார் எதைச் சொன்னாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். துக்கமும் அப்படித்தான் தூரத்தில் கேட்டது. பொய் சொல்வானேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தேன். வயலும் வரப்பும் உள்ள குடும்பம். அவள் உண்டானதும் சம்பந்தியம்மா பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாக ஆரம்பித்தாள்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புறதுதான் மொற. ஆனா ராத்திரி பிள்ள அழுதா எந்திரிக்க ஒரு ஆளு வேணும்லா? நீங்க மாத்திரையப் போட்டுட்டு இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டியளாமே."

இதை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? என் மகள்தான். பக்கத்திலேயே தட்டில் இருந்த முறுக்கை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வளைகாப்புக்குள் மாத்திரையை நிறுத்தினால் பெண்ணை அனுப்புவோம், இல்லாவிட்டால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்த மகராசி. எனக்கு வயிறு எரிந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு, ஆச்சி என்று கூப்பிட ஒரு பேரப்பிள்ளையாவது கையில் தங்க வேண்டாமா?

மறுபடியும் திருநெல்வேலிக்குப் போனேன். பழைய டாக்டர் இல்லை, வேறொரு சின்ன வயசுக்காரர் இருந்தார். "நிறுத்திரலாம்மா. ஆனா டக்குன்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அவசரமே கூடாது" என்றார். வளைகாப்பு நாளைச் சொன்னேன். "மாத்திரைக்கு நாள் நட்சத்திரம் தெரியாதும்மா" என்றார்.

அட்டை என் கையில் இருந்தால் குறையாது என்று எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் இருக்கும் அக்காவிடம் கொடுத்துவைத்தேன். அவள் சாயங்காலம் வந்து அளந்து கொடுப்பாள். இரண்டு ஒன்றரையாகி, ஒன்றாகி, பாதிவரை வந்துவிட்டது. கால் குடைந்தது, ரவிக்கை வேர்வையில் ஊறியது. விசைத்தறிச் சத்தம் மண்டைக்குள் புகுந்து நெய்தது. ஆபீஸில், "என்ன அக்கா, இன்னைக்கு முழிச்சிருக்கிய போலிருக்கே" என்று கேட்டுச் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினேன்.

எங்கள் சங்கரன்கோவிலில் எதற்கும் கோயில் புற்றுமண்தான் முதல் மருந்து. தேள் கொட்டினாலும் அதுதான், தேமல் வந்தாலும் அதுதான். நெற்றியில் ஒரு கீற்று, நாக்கில் ஒரு சிட்டிகை. அக்காவுக்கு ஒரு யோசனை உதித்தது. "மருந்தும் அம்மனும் ஒண்ணாவே உள்ள போகட்டும்ட்டி" என்று மாத்திரையைப் பொடித்துப் புற்றுமண்ணோடு டம்ளரில் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது, நானும் இந்த ஊர்க்காரிதானே. கலங்கலாக, வாய்க்கால் தண்ணீர் மாதிரி இருக்கும். கண்ணை மூடிக் குடித்துவிடுவேன்.

அப்புறம் ஒரு நாள் எல்லாம் தலைகீழாயிற்று. கை நடுக்கத்தில் முத்திரை கோணல்மாணலாக விழுந்தது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. கொடியில் தொங்கும் சேலை ஆள் நிற்பதுபோலத் தெரிந்து அலறினேன். கண் மூடி எத்தனை நாளாயிற்று என்றே தெரியவில்லை.

"அக்கா, மாத்திரை கலந்தியா?"

"கலந்தேன்ட்டி. அம்மன் மேல சத்தியமா."

"பின்ன ஏன் இப்படிப் பண்ணுது?"

"எல்லாம் ஒன் மனசுதான். கும்பிட்டுக்கிட்டுப் படு."

அவள் சத்தியம் செய்த பிறகு நான் யாரைச் சந்தேகப்படுவது? என்னைத்தான். புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். தாங்க முடியாமல் மெடிக்கலுக்குப் போய், ஒன்றே ஒன்று கொடுங்கள் அண்ணாச்சி என்றேன். வருஷக்கணக்கில் கேட்காமலே எடுத்து வைத்தவர், கடையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஒங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஒங்க அக்கா சொல்லிட்டாவ. பேசாம வீட்டுக்குப் போங்க தாயி" என்றார். இருமல் மருந்து வாங்க வந்த ஒருத்தி தன் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள்.

வளைகாப்பு வாசுதேவநல்லூரில் நடந்தது. தாலியில்லாதவள் வளையல் போடக் கூடாதே, அதனால் என் மகளுக்குத் தாய் ஸ்தானத்தில் அக்காதான் வளையல் அடுக்கினாள். நான் அடுப்படி வாசலில் எலுமிச்சம் சாதச் சட்டியோடு நின்றேன். அங்கே நிற்க மட்டும் எனக்கு அனுமதி இருந்தது. என் மகள் கை நிறைய வளையலோடு சிரித்ததைப் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம், சேலையெல்லாம் சோறு. தலைமாட்டில் சம்பந்தியம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "நல்ல காரியம் நடக்குற வீட்டுல வலிப்பா? இந்த மாத்திரக்காரி வீட்டுக்கா நான் எம் மருமகள அனுப்பணும்?"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பினாள். "யாரப் பாத்து மாத்திரக்காரிங்கிய? அவ மாத்திர திங்கிறத நிப்பாட்டி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு! வெறும் புத்துமண்ணுதான் கரைச்சுக் குடுக்கேன். அவளுக்கே தெரியாது!"

நற்சான்று கொடுப்பதுபோல அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். எழுந்து அவள் குரல்வளையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. விரல்கூட அசையவில்லை.

மகளை அனுப்பவில்லை. பிரசவம் அங்கேயே ஆயிற்று. பெண் குழந்தை. போனில் படம் வந்தது, பக்கத்தில் அக்கா நின்றாள். அவள் சுமங்கலி, அவளுக்கு வலிப்பும் கிடையாது, அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம், ஒங்க ஒடம்பு தேறட்டும் மதினி, அப்புறம் வந்து பாருங்க என்றார்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் நான் தேறினேன் என்று நினைக்கிறேன். டாக்டர் திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை அட்டையை நானே வைத்துக்கொண்டேன். பிளேடால் பாதியாக்கி, காலாக்கி, கடைசியில் நகக்கண் அளவுக்குச் சீவினேன். ஒரு நாள் அந்த அளவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் தூக்கம் வந்தபாடில்லை. சும்மா கிடப்பேன். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே கிடப்பேன். வீட்டுக்காரரை நினைத்து, அத்தனை வருஷமும் அழாமல் விட்டதையெல்லாம் அழுது தீர்த்தேன். இந்த முறை வீட்டில் தூக்கம் கெட யாருமில்லை.

அக்கா ஊரெல்லாம், "புத்துமண்ணுலதான் நின்னுச்சு" என்று சொல்லிவிட்டாள். குடிகாரப் புருஷனை வைத்திருக்கும் பெண்கள் அவளிடம் வந்து பக்குவம் கேட்டுப் போகிறார்கள். நான் வாயைத் திறந்தால், நன்றி கெட்டவள் என்கிறார்கள்.

அப்புறம் ஒரு நாள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் தேன் வழிந்தது. பிள்ளை ராத்திரி முழுக்கக் கத்துகிறதாம், வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லையாம்.

"ஒங்களுக்குத்தான் தூக்கமே வராதே மதினி. வந்து பிள்ளையப் பாத்துக்கிடுங்களேன்."

எந்த வாயால் சொல்கிறாள் பாருங்கள்! போனை வைத்துவிட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே லீவு எழுதினேன், திட்டிக்கொண்டே பையில் சேலையை மடித்து வைத்தேன். அக்கா வழக்கம்போல ஒரு பொட்டலம் புற்றுமண்ணைத் திணித்தாள். புளியங்குடி வழியாகப் போகும் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் நெற்றி, அப்படியே. ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்தேன். வீடு குறட்டை விட்டுத் தூங்கியது. எனக்கு ஒரு குறையுமில்லை, இந்த நாளுக்காகத்தானே அத்தனை பாடும். இந்தப் பிள்ளைக்காக இன்னொரு தடவை நாக்கைக் கடித்துக்கொள்ளவும் நான் தயார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி, நீட்டிய காலில் படுக்கப் போட்டிருந்தேன். அது தூங்கிவிட்டது. சுவரில் சாய்ந்தேன். ஜன்னல் வழியாக வயல் காற்று வந்தது. எந்த மாத்திரையும் இல்லாமல், நான் கூப்பிடாமலே, கண்ணைச் சொக்கிக்கொண்டு தூக்கம் வந்தது. எத்தனை வருஷத்துத் தூக்கம்!

விழித்தபோது காலில் பிள்ளை இல்லை. என் பை தரையில் கவிழ்ந்து கிடந்தது. சேலை, சீப்பு, துண்டு எல்லாம் சிதறியிருந்தன. சம்பந்தியம்மா புற்றுமண் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?" என்றாள்.

பிள்ளையை இடுக்கிக்கொண்டு என் மகள் நின்றாள். "எழுப்ப எழுப்ப எந்திரிக்கவே இல்லையேம்மா. உண்மையச் சொல்லு. எத்தன போட்ட?"

"போடலட்டி. தூங்கிட்டேன். சும்மா, எல்லாரும் தூங்குற மாதிரி தூங்கிட்டேன் மக்கா."

அவள் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை உருண்டு ஓடியது. இடுப்பிலும் தடவிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்காததால் அவளுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

சாயங்காலப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அழலாம் என்று பார்த்தேன். அதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை, பாழாய்ப்போன தூக்கம் மறுபடியும் வந்து அமுக்கிவிட்டது. கண்டக்டர் தோளைத் தட்டித்தான் எழுப்பினார்.

"ஆச்சி, சங்கரன்கோவில் வந்துட்டு, எறங்குங்க. நல்ல தூக்கம் போலிருக்கே."

என் பேத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை. என்னை முதன்முதலில் ஆச்சி என்று கூப்பிட்டது அந்த ஆள்தான்.