மின்சாரம் இல்லாமல் இறங்கிய மூடி

மூன்று வருடங்களுக்கு முன், சாரல் தொடங்கும் ஆனி மாதம் கல்லிடைக்குறிச்சியில் நடந்தது இது. அம்பாசமுத்திரத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு ஏற்றபடி இயந்திரம் செய்து கொடுப்பது தொழில். அப்பளம் போடும் ஒரு வீட்டார், திடீர்ச் சாரலில் காய்கிற அப்பளமெல்லாம் நனைந்து போகிறது என்று வந்தார்கள். முழங்கால் உயரச் சுவருக்குள் அவர்கள் அப்பளம் காயப்போடும் மேடைக்கு, மோட்டாரால் திறந்து மூடும் தகர மூடி ஒன்றை வரைந்தேன்.

மூடி அறுபது கிலோ. கீலிலிருந்து அதன் நடுப்பகுதி இரண்டடி. அதைத் தூக்க எவ்வளவு திருப்புவிசை வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும் மோட்டாரையே மாட்டினேன். பொத்தானை அமுக்கியதும் மூடி நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் சும்மா பார்க்கப் போனேன். உச்சி வெயில். அப்பளத்துக்குக் கடுவெயில் ஆகாது, வெடித்துவிடும். நிழலில் கொஞ்சம், வெயிலில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் காயவைப்பதற்காகப் பெண்கள் மூடியைப் பாதித் திறப்பில் நிறுத்தியிருந்தார்கள். நான் அப்படி நிறுத்திப் பார்த்ததே இல்லை.

அப்போது மின்சாரம் போனது. உள்ளே மாவரைக்கும் சத்தம் நின்று இடமே அமைதியானது. மேடையில் மூடியின் நிழல் நகர்வது போலிருந்தது. ஒரு வரிசை அப்பளம் இருண்டது. பிறகு அடுத்த வரிசை. காற்றே இல்லை. மோட்டார்மேல் கை வைத்தேன். அதன் தண்டு என் உள்ளங்கைக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் ஒரு பெண் சுவர்மேல் சாய்ந்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டு அப்பளங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிழல் அவள் விரல்களைத் தொட்டது. அப்போதும் அவள் நிமிரவில்லை.

"ஏட்டி, வெளிய வாட்டி!" கூட வேலை செய்தவள் கத்திக்கொண்டே அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். அதுவரை பைய இறங்கிய மூடி, கடைசியில் ஒரேயடியாக விழுந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"மேகம் மூடுதுன்னுல்லா நெனச்சேன்" என்றாள் தப்பியவள். என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கரண்டே இல்லியே அண்ணாச்சி, இத யாரு எறக்குனது?"

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நான்தான். தூக்கும் விசையைக் கணக்குப் போட்டவன், மின்சாரம் போனால் அந்த எடையை எது தாங்கும் என்று யோசிக்கவே இல்லை. நெட்டுக்குத்தாக நின்றபோது பாரத்தைக் கீல் சுமந்தது. பாதியில் நின்றபோது, மின்சாரம் இருந்தவரைதான் மோட்டார் பிடித்திருந்தது. இதை அவளிடமே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அன்றே மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போய், மின்சாரம் நின்றால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன்.

இன்றும் கணக்கில் விடை சரியாக வரும்போதெல்லாம், அதன் அடியில் யாரோ குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்பு போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.