நாற்பதடி தூரத்து முகம்

1967 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, மாம்பலம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு சுவரில் தபீதாள் தன் முகத்தைப் பார்த்தாள். பெரிய சினிமாச் சுவரொட்டி. நடுவில் கதாநாயகி சிரித்துக்கொண்டிருந்தாள். வலது மூலையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், கன்னம் குழிந்து கண் பிதுங்கிய இன்னொரு முகம். தைத்து முடித்த உள்பாவாடை மூட்டையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று. கணவர் தேவானந்தம் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. 1962 நவம்பரில் காசநோயில் இறந்தார். அவரைக் கவனித்துக்கொண்ட தபீதாளையும் அதே நோய் பிடித்தது. 1963 ஜனவரி 8-ஆம் தேதி காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள், மூன்று வருஷம் ஐந்து மாதம் கழித்துத்தான் வெளியே வந்தாள். நடுவில் ஒரு ஆபரேஷன். வலப்பக்கம் ஆறு விலா எலும்புகள் போயின; அந்தப் பக்கத்து நுரையீரலும் சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு வலது கை தோளுக்கு மேலே எழவில்லை.

சேர்ந்தபோது மகள் ஞானசௌந்தரிக்கு மூன்றரை வயது. தேவானந்தத்தின் அக்கா செல்வமேரி கீழ்க்கட்டளையில் இருந்தாள், பிள்ளை இல்லாதவள். அவள்தான் குழந்தையை எடுத்து வளர்த்தாள். ஆஸ்பத்திரி வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, செல்வமேரி குழந்தையைக் கூட்டிவந்து வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்துவாள். மரத்துக்கும் வராந்தாக் கம்பிக்கும் நடுவே நாற்பதடி. தபீதாள் இடது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டுவாள். ஞானமும் அங்கிருந்து அதே மாதிரி மடக்கிக் காட்டுவாள். ஐந்து விரலும் மடங்கினால் சந்திப்பு முடிந்தது.

வீடு திரும்பிய பிறகும் செல்வமேரி நாற்பதடியைக் குறைக்கவில்லை. கீழ்க்கட்டளை வீட்டுக்கு எதிரே இருந்த புளியமரத்து நிழலில்தான் தபீதாள் நிற்க வேண்டியிருந்தது.

"சளியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட் ரெண்டு தடவை சுத்தம்னு வந்தாச்சு, சரி. மூணாவதும் வரட்டும் தபீதா," என்றாள் செல்வமேரி. "நீ தனியா தாழ்ப்பாள் போட்ட ரூம் ஒண்ணு பாரு. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். என் தம்பியத் தூக்கிக் குடுத்துட்டேன். இதையும் குடுக்க என்கிட்ட நெஞ்சு இல்ல."

அதில் நியாயம் இருந்தது. தபீதாள் தலையாட்டினாள். மூன்றாவது சோதனைக்கு ஜனவரி 23-ஆம் தேதி சளி கொடுக்க வேண்டும். முடிவு தெரிய எட்டு வாரம். அதாவது மார்ச் 20.

அந்தத் தாழ்ப்பாள் போட்ட அறைக்கு முன்பணம் வேண்டித்தான் அவள் சினிமாவில் நின்றாள். போன செப்டம்பரில், தாம்பரத்தில் அவள் ஒண்டியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சம்பத் வந்து கூப்பிட்டான். கோடம்பாக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் விளக்குப் பிடிப்பவன்.

"ஒரு நாள் வேலக்கா. சும்மா நிக்கணும், அவ்ளோதான். வசனம் கிசனம் ஒண்ணும் கெடியாது."

"என்ன வேஷம்ப்பா?"

"அது... அங்க வந்தா சொல்லுவாங்கக்கா."

ஸ்டூடியோவில் ஒப்பனைக்காரர் தோத்தாத்ரி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார். "இந்த அம்மாவுக்கு நான் என்ன பண்றது? எல்லாம் ரெடியாவே இருக்கே."

காட்சி இதுதான். கதாநாயகி வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டே போவாள். அவள் சிவப்பு முகம் பஞ்சு மாதிரித் தெரிவதற்காக லென்சின் மேல் மெல்லிய வலைத்துணி கட்டியிருந்தார்கள். கதாநாயகன் பின்தொடர்ந்து அவள் தோளைத் தொடுவான். அவள் திரும்புவாள். திரும்புகிற அந்தக் கணத்தில் படத்தை வெட்டி, தபீதாளின் முகத்தை ஒட்டிவிடுவார்கள். அதற்கு வலைத்துணி கிடையாது.

காமிராக்காரர் தன் உதவியாளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "பொட்டு இல்ல, தாலி இல்ல, நகை இல்ல. ஒல்லி, கறுப்பு. ஜனங்க மனசுல பேய்னா ஏற்கெனவே இதுதான்யா. நாம புதுசா ஒண்ணைக் காட்டினா ஒருத்தனும் பயப்பட மாட்டான்."

தபீதாளின் வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் பொட்டு வைத்ததில்லை. தாலி கணவரோடு போயிற்று. அன்று அவள் கட்டியிருந்த வெள்ளைப் புடவை, ஞாயிறு ஆராதனைக்குக் கட்டுவது. அவளிடம் இல்லாத எதையும் அவர்கள் சேர்க்கவில்லை. கொண்டையை அவிழ்த்தார்கள், எலும்பு மின்னட்டும் என்று விளக்கெண்ணெய் தடவினார்கள், விளக்கைக் காலடியில் வைத்து மேல்நோக்கித் திருப்பினார்கள்.

"யக்கா, கண்ண மட்டும் சிமிட்டிடாத," என்றான் சம்பத்.

சிமிட்டவில்லை. திரையில் நான்கு விநாடி. கூலி அறைக்கு முன்பணமாயிற்று.

இப்போது அந்த நான்கு விநாடி ரயில் பாதையோடு தெற்கே வந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு மவுண்ட் ரோட்டில் வெளியான படம், அங்கே ஓடி முடித்ததும் ஒவ்வொரு ஊராகக் கீழே இறங்கும். வெள்ளிதோறும் துணி கொடுக்கப் போகிற தபீதாள் ரயில் ஜன்னலில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பிப்ரவரி 10, சைதாப்பேட்டை. அடுத்த வாரம் தேர்தல் சுவரொட்டிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டன; ஏழு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். 24-ஆம் தேதி, கிண்டி. மார்ச் 3, பரங்கிமலை. டாக்டரின் தேதிக்கு இன்னும் பதினேழு நாள். பரங்கிமலைக்கும் கீழ்க்கட்டளைக்கும் நடுவே பல்லாவரம் ஒன்றுதான் பாக்கி.

அவள் பயம் இதுதான்: நான்கு வருஷமாக ஞானம் அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. முதன்முதலில் பார்க்கப் போவது அந்த முகமாக இருந்துவிட்டால்?

செல்வமேரியிடம் சொல்லித் தடுக்கலாம் என்றால், அந்த வீட்டில் சினிமா பார்ப்பதே பாவம். செல்வமேரியின் கணவர் ஐசக் சபை மூப்பர். பேயாக நடித்தேன் என்று சொன்னால் குழந்தையை மறந்துவிட வேண்டியதுதான். சொல்லாமலே விட்டாள்.

மார்ச் 10, படம் பல்லாவரத்துக்கு வந்தது. அப்படி என்னதான் தெரிகிறது, பார்த்துவிடலாம் என்று தபீதாள் மாட்டினிக் காட்சிக்குப் போனாள். பெண்கள் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். பாட்டு வந்தது. வெள்ளைப் புடவை நடந்தது. கதாநாயகன் தோளைத் தொட்டான். அவளுக்குத் தெரியும், அடுத்தது தன் முகம் என்று. தெரிந்தும், பன்னிரண்டடி உயரத்தில் கன்னத்து நிழல் கண் வரை ஏறி அது திரும்பியபோது, கொட்டகையோடு சேர்ந்து அவளும் அலறினாள்.

உடனே 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது. விளக்கெல்லாம் எரிந்தது.

தலையில் இருந்த முந்தானை நழுவித் தோளில் கிடந்தது. கைக்குழந்தைக்காரி திரும்பிப் பார்த்தாள். வாயிலிருந்த கடலை அப்படியே நின்றது. குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு, அதன் தலைமேல் "தூ, தூ, தூ" என்று மூன்று முறை துப்பினாள். தபீதாள் எழுந்து, யார் காலையோ மிதித்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்கு ஓடினாள். ரயில் நிலையம் வரை நிற்கவில்லை. ஒற்றை நுரையீரல் கிழிவது போல் இருமல் வந்தது. பயத்தில் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். ரத்தம் இல்லை.

மார்ச் 18, சனிக்கிழமை. கீழ்க்கட்டளைக்குப் பக்கத்து டூரிங் கொட்டகையில் படம் போட்டார்கள். மார்ச் 20, திங்கட்கிழமை. டாக்டர் 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு நாள் பிந்திவிட்டது. ஆனாலும் சினிமா பார்க்காத வீடு என்ற ஒரே நம்பிக்கையில், 26-ஆம் தேதி ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் சான்றிதழோடு கீழ்க்கட்டளைக்குப் போனாள். முதன்முறையாகப் புளியமரத்தைத் தாண்டி வாசற்படி வரை நடந்தாள்.

கதவைத் திறந்தது ஞானம். ஒரு முழத் தூரத்தில் முகம்.

குழந்தைக்கு முதலில் சத்தமே வரவில்லை. பிறகு, "பேய்! அத்தை, பேய் வந்துட்சி!" என்று வீறிட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு எல்லம்மா ஓடிவந்தாள். வந்தவள் தபீதாளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தே! யக்கா, அது நீயா? நெனச்சேன், எங்கியோ பாத்த மூஞ்சியா கீதேன்னு! எங்கூட்டுப் பசங்களோட இதையும் இட்டுகினு போனேன். அன்னிலேர்ந்து மூணு நாளு இதுக்கு ஜுரம்."

செல்வமேரி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "எல்லம்மா, நீ புள்ளைய சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"சாமி படம்னு நெனச்சிக்கினேன்மா."

"பேய்ப் படத்தையா?"

"கடசீல சாமி வருதும்மா!"

செல்வமேரி சிரிக்கவில்லை. தபீதாள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்; சான்றிதழை நீட்டினாள். செல்வமேரி அதை இரண்டு தடவை படித்தாள்.

"உன் புள்ளைய நான் பிடிச்சு வெச்சுக்க மாட்டேன். ஆனா இழுத்துட்டுப் போக விடமாட்டேன். அவளா வரட்டும்."

"வரலைன்னா அண்ணி?"

செல்வமேரி சான்றிதழை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு. தபீதாள் மறுபடி வந்தாள். வாசலுக்குப் போகவில்லை. புளியமரத்து நிழலிலும் நிற்கவில்லை. அங்கே நின்றால் முகம் எப்படித் தெரியும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். மரத்தை விட்டு விலகி, பதினொன்றரை மணி வெயில் உச்சந்தலையில் நேராக விழுகிற இடத்தில், அதே நாற்பதடியில் நின்றாள். இடது கையைத் தூக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது.

ஏப்ரல் 9, ஜன்னலில் ஒரு கண். ஏப்ரல் 16, வாசற்படியில் ஞானம். மூன்று விரல் மடக்கிவிட்டு உள்ளே ஓடினாள். ஏப்ரல் 23, பாதி வழி வரை வந்தாள். எல்லம்மா தன் வீட்டிலிருந்து, "போடி கண்ணு, கடிக்காது," என்று கத்த, குழந்தை மிரண்டு திரும்பி ஓடியது. அன்று பஸ்ஸில் தபீதாள் தாம்பரம் வரை அழுதாள். ஒருவேளை ஒரு நாளும் வரமாட்டாளோ?

ஏப்ரல் 30. ஞானம் செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஐந்தடியில் நின்றாள். கண்ணைச் சிமிட்டினால் குழந்தை ஓடிவிடும் என்று தோன்றியது. சிமிட்டவில்லை.

"அது நீதானே?"

"ஆமா."

"அந்த மூஞ்சி செய்யி."

"அதை எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு. அங்கயும் நான் ஒண்ணும் செய்யல. சும்மா நின்னேன். வெளக்கைக் காலடில வெச்சாங்க."

ஞானம் அவள் காலடியைப் பார்த்தாள். அங்கே புழுதியும் குட்டை நிழலும்தான் இருந்தன.

"ஒண்ணும் செய்யலன்னா ஏன் எல்லாரும் கத்துனாங்க?"

தபீதாள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"குனி," என்றாள் குழந்தை.

குனிந்தாள். ஒரு விரல் வந்து கன்னத்துக் குழியைத் தொட்டது, சுட்டுவிட்டது போலப் பின்வாங்கியது, திரும்பவும் தொட்டது.

"பள்ளமா இருக்கு."

"ஆமா."

"வலிக்குதா?"

"இல்ல."

ஞானம் ஒரு காலை மாற்றி ஒரு காலால் நின்றுகொண்டு வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "அத்தை, என் செருப்பக் குடுங்க! தரை சுடுது."

செல்வமேரி செருப்போடு குழந்தையின் துணிகள் நிறைந்த பையையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை ஞானம் முன்னால் நடந்தாள். ஐந்தாறு அடிக்கு ஒரு தடவை சடாரென்று திரும்பி, அம்மாவின் முகம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் தபீதாள் வெயிலில் அப்படியே நின்றாள். ஒவ்வொரு தடவையும் அதே முகம்தான் இருந்தது.